மொத தடவ அது தூங்கும் தம்பி

பில்லிங் செக்‌ஷன்ல ஒரு அக்கா இருந்தாங்க. திங்கக்கிழம காலைல ஒம்போது மணிக்கு வந்து, பைய வைக்கிறதுக்கு முன்னாடியே சிஸ்டத்த ஆன் பண்ணி, போன வாரத்து டு-பே (பார்சல வாங்குறவங்க காசு கட்டுறது) பாக்கி ரிப்போர்ட்ட ஒரு தட்டு தட்டி விட்டுட்டு டீ வாங்கப் போயிருவாங்க. வந்து உக்காந்து அதே ரிப்போர்ட்ட மறுபடி ஓட்டுவாங்க, டக்குனு வந்துரும். எதுக்குக்கா ரெண்டு தடவன்னு கேட்டேன். "மொத தடவ அது தூங்கும் தம்பி. ரெண்டாவது தடவதான் முழிக்கும்"னாங்க.

இந்தக் கேள்விய நான் கேக்கும்போது ரொம்ப லேட்டு. அதுக்குள்ள ஆபீஸ் குரூப்ல பெரிய ஆளாகி, ஒரே வாரத்துல அசிங்கப்பட்டு, எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

ஒரு பார்சல் சர்வீஸ் கம்பெனி, அதுல நான் ஐடி டிபார்ட்மெண்ட். மொத்தமே நாலு பேர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 16 ஜிபி ரேம் இருக்கிற சொந்த சர்வர். அதுல எல்ஆர் (லாரி ரசீது) டேபிள்னு ஒண்ணு, புக் ஆகுற ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வரி. ஏறக்குறைய 2 கோடி வரி, 3.2 ஜிபி. அந்த அக்காவோட ரிப்போர்ட் இந்த டேபிளத்தான் மேயும். 14 செகண்ட் எடுக்குது, என்னன்னு பாருன்னு வெள்ளிக்கிழம சாயங்காலம் டிக்கெட் என் தலைல விழுந்துச்சு.

திங்கக்கிழம எட்டரைக்கே போயிட்டேன், ஆளுங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு. அந்த ரிப்போர்ட்டோட குவெரிய (டேட்டாபேஸ் கிட்ட கேக்குற கேள்வி) எடுத்து ஓட்டினேன், 14 செகண்ட். சரி, புகார் உண்மதான். புக்கிங் நேரம் இருக்கிற நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (டேபிள் பூரா தேடாம நேரா எடத்துக்குப் போக உதவுற பட்டியல்) இல்ல, ஆஹா கெடைச்சுட்டான்டா திருடன்னு ஒரு இண்டெக்ஸ் போட்டேன். அதுவும் பாருங்க, டேபிள் லாக் ஆயிரக்கூடாதுன்னு பொறுப்பா கன்கரென்ட்லி சேத்துதான் போட்டேன். முடிஞ்சதும் மறுபடி ஓட்டினேன், 1.2 செகண்ட். ஒம்போது மணிக்கு அக்கா ஓட்டினாங்க, அவங்களுக்கும் வேகமா வந்துச்சு. குரூப்ல போட்டேன்: "டு-பே ரிப்போர்ட் 14 செகண்ட்ல இருந்து 1.2 செகண்ட்." மேனேஜர்ல இருந்து கொடோன் சூப்பர்வைசர் வரைக்கும் கட்டவிரல் காட்டினாங்க. எண்ணிப் பாத்தேன், 17.

அடுத்த திங்கக்கிழம காலைல மறுபடி போன். பழையபடி 14 செகண்ட். நான் உடனே என் சீட்டுல இருந்து ஓட்டிப் பாத்தேன், 1.2. "என் பக்கம் வேகமாத்தான்க்கா இருக்கு, உங்க நெட்வொர்க்க பாக்கச் சொல்றேன்"னு சொன்னேன். இத எழுதும்போதே கூசுது. பாவம் நெட்வொர்க் பையன் ஒரு மணி நேரம் கேபிள மாத்திக்கிட்டு இருந்தான்.

வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு பெரியவர் கன்சல்டன்டா வருவாரு. மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்லயே இருவது வருஷம் கெடந்தவரு, போஸ்ட்கிரெஸ் அவருக்கு புதுசு, ஆனா டேட்டாபேஸ் புதுசு இல்லயே. நடந்தத சொன்னேன். அவரு ஒரே கேள்விதான் கேட்டாரு: "இண்டெக்ஸ் போட்டியே, அத அந்தக் குவெரி தொட்டுச்சான்னு பாத்தியாப்பா?"

பாக்கல. நேரம் கொறஞ்சிருச்சே, அப்பறம் எதுக்கு பாக்கணும்?

குவெரி எந்த வழில ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் கமாண்ட போட்டுப் பாத்தா, குவெரி இண்டெக்ஸ் பக்கமே எட்டிப் பாக்கல. பழையபடி டேபிள மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டு இருக்கு. காரணம் அல்பமானது: எந்த வரி வேணும்னு சொல்ற WHERE கண்டிஷன்ல நேரத்த தேதியா மாத்தி, அந்தத் தேதி ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கான்னு எவனோ எழுதி வச்சிருக்கான் (எவனோ இல்ல, நான்தான், ரெண்டு வருஷம் முன்னாடி). நெடுவரிசை மேல ஃபங்ஷன் போட்டுட்டா, வெறும் நெடுவரிசை மேல இருக்கிற சாதா இண்டெக்ஸ் அதுக்கு உதவாது. ஆக நான் போட்ட இண்டெக்ஸ் சும்மா கெடந்துச்சு. அப்போ 14 எப்படி 1.2 ஆச்சு?

நான் எட்டரை மணிக்கு மொத தடவ ஓட்டினப்பவே 3.2 ஜிபியும் டிஸ்க்ல இருந்து ரேமுக்கு வந்துருச்சு. அதுக்கு மேல கன்கரென்ட்லி இண்டெக்ஸ் போட்டேன்ல, அது டேபிள ரெண்டு தடவ முழுசா படிக்கும். அதாவது மருந்து வேல செய்யுதான்னு பாக்குறதுக்கு முன்னாடி நானே மூணு தடவ டேபிளுக்கு ஒத்தடம் குடுத்துட்டு, அப்பறம் மருந்து சூப்பர்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். திங்கக்கிழம மட்டும் ஏன் தூங்குதுன்னா, ஞாயித்துக்கிழம ராத்திரி ஃபுல் பேக்கப். மொத்த டேட்டாபேஸ் 90 ஜிபி சொச்சம், அத்தனையும் 16 ஜிபி ரேம் வழியா ஊர்வலம் போகும்போது எல்ஆர் டேபிள் வெளிய தள்ளப்பட்டிரும். அக்காவுக்கு பேக்கப்பும் தெரியாது, கேஷும் (cache, ஒரு தடவ படிச்சத ரேம்ல வச்சுக்கிறது) தெரியாது, ஆனா நடக்குறது என்னன்னு என்ன விட சரியா கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க.

இங்க ஒரு விஷயம் என்ன ரொம்ப நாள் கொழப்புச்சு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். எக்ஸ்ப்ளெயின் அனலைஸோட பஃபர்ஸும் சேத்துக் கேட்டா போஸ்ட்கிரெஸ் ரெண்டு எண் குடுக்கும், ஹிட் எத்தன, ரீட் எத்தன. ஹிட்டுனா ரேம்ல இருந்துச்சு, ரீட்டுனா டிஸ்க்ல இருந்து எடுத்தேன், இப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறோம். நான் 14 செகண்ட் ஓட்டத்தையும் 1.2 செகண்ட் ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, ரெண்டுலயும் ஏறக்குறைய முழுக்க ரீட், 4 லட்சத்துச் சொச்சம் பேஜ் (டேட்டாபேஸ் ஒரு தடவைக்கு எடுக்குற 8 கேபி துண்டு). அதெப்படி? ரெண்டுமே டிஸ்க்ல இருந்துன்னா நேரம் ஏன் பத்து மடங்கு வித்தியாசம்?

ஏன்னா ரேமுக்குள்ளயே ரெண்டு அலமாரி இருக்கு. ஒண்ணு போஸ்ட்கிரெஸோட சொந்த அலமாரி, ஷேர்டு பஃபர்ஸ். டிஃபால்ட்டா வெறும் 128 எம்பிதான், வழக்கமா ரேம்ல கால்வாசி குடுப்பாங்க, நாங்க 4 ஜிபி குடுத்திருந்தோம். இன்னொண்ணு லினக்ஸ் தானா வச்சிருக்கிற பேஜ் கேஷ், மிச்சம் இருக்கிற ரேம் பூரா அதுதான். ஃப்ரீ கமாண்ட் போட்டா பஃப் கேஷ்னு ஒரு கட்டத்துல தெரியுமே, அது. ரீட்டுனு போஸ்ட்கிரெஸ் சொல்றதுக்கு அர்த்தம் "என் அலமாரில இல்ல, ஓஎஸ் கிட்ட கேட்டு வாங்கினேன்" அவ்ளோதான். ஓஎஸ் அத டிஸ்க்ல இருந்து எடுத்துச்சா, தன் அலமாரில இருந்து எடுத்துக் குடுத்துச்சான்னு போஸ்ட்கிரெஸுக்கு தெரியவே தெரியாது. ட்ராக் ஐஓ டைமிங்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணா படிக்க எவ்ளோ நேரம் ஆச்சுன்னு காட்டும், அத வச்சு நாம ஊகிச்சுக்கலாம்.

சரி, 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ் இருக்கு, டேபிள் 3.2 ஜிபிதான், மொத ஓட்டத்துலயே உள்ள ஏறி உக்காந்திருக்கணுமே? உக்காராது. மளிகக் கடைல அண்ணாச்சி கைக்கு எட்டுற தட்டுல உப்பு, புளி, சோப்புன்னு அடிக்கடி கேக்குற சாமான வச்சிருப்பாரு. கல்யாண வீட்டுக்கு மூட்ட மூட்டயா ஒரு லிஸ்ட் வந்தா, அத்தனையும் அந்தத் தட்டுல பரப்புவாரா? கொடோன்ல இருந்து எடுத்து ஓரமா ஒரு சின்ன எடத்துல வச்சு வச்சு வண்டில ஏத்திருவாரு. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். ஷேர்டு பஃபர்ஸ்ல கால்வாசிய விட பெரிய டேபிள முழுசா படிக்கும்போது 256 கேபி அளவுக்கு (17வது வெர்ஷன் வரைக்கும், 8 கேபி பேஜ் 32) ஒரு சின்ன வளையத்த மட்டும் எடுத்துக்கும், அதுலயே சுத்திச் சுத்தி படிச்சு முடிச்சிரும், மத்தவங்க சாமான தொந்தரவு பண்ணாது. அதனாலதான் எங்க டேபிள் எத்தன தடவ ஓட்டினாலும் ரீட் ரீட்டுனே காட்டுச்சு, ஆனா உண்மைல லினக்ஸ் அலமாரில சூடா இருந்துச்சு.

மைஎஸ்க்யூஎல்னு இன்னொரு டேட்டாபேஸ், அதுல டேட்டாவ பாத்துக்கிற இன்னோடிபி இதையே வேற மாதிரி பண்ணும். புதுசா வர்ற பேஜ வரிசையோட தலைல வைக்காது, பின்னாடி இருந்து எட்டுல மூணு பங்கு தள்ளி நடுவுல சொருகும். ஒரு செகண்ட் தாண்டி மறுபடி யாராவது கேட்டாத்தான் முன்னாடி போகும். அப்பறம் மைஎஸ்க்யூஎல் ஆளுங்க நெறைய பேரு டெஸ்ட் பண்ணும்போது எஸ்க்யூஎல் நோ கேஷ்னு குவெரில போட்டுட்டு கேஷ் இல்லாம அளந்தாச்சுன்னு நெனைப்பாங்க. அது பழைய குவெரி கேஷுக்கு மட்டும்தான், ரிசல்ட்ட அப்படியே வச்சுக்கிட்டு திருப்பிக் குடுக்கும்ல அந்த ஐட்டம், 8.0ல அதையே தூக்கிட்டாங்க. பஃபர் பூல்ல (இன்னோடிபியோட சொந்த அலமாரி) இருக்கிற பேஜ அந்த வார்த்த தொடவே தொடாது. ரீஸ்டார்ட் பண்ணா சுத்தமாயிரும்னும் நம்ப முடியாது, 5.7ல இருந்து ஷட்டவுன் ஆகும்போது எந்தெந்த பேஜ் சூடா இருந்துச்சுன்னு ஒரு கால்வாசிய குறிச்சு வச்சுக்கிட்டு எழுந்ததும் அதையே மறுபடி ஏத்திக்கும். நல்ல வசதிதான், டெஸ்ட் பண்றவனுக்குத்தான் தலவலி.

பெரியவர் சொன்ன வழக்கம் வேற. எஸ்க்யூஎல் சர்வர்ல அவங்க டெஸ்ட் மெஷின்ல செக்பாயிண்ட் போட்டு, அப்பறம் ரேம்ல இருக்கிற பேஜ காலி பண்ற டிராப் க்ளீன் பஃபர்ஸ் அடிச்சுட்டு ஓட்டுவாங்களாம், அங்க பஃபர் முழுக்க டேட்டாபேஸ் கையில இருக்கிறதால அது பெரும்பாலும் போதும். போஸ்ட்கிரெஸ்ல நான் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணிட்டு "இப்போ குளிர்ந்திருச்சு"ன்னு ஓட்டினேன், 1.3 செகண்ட். லினக்ஸ் அலமாரி அப்படியே இருக்கே! சிங்க் கமாண்ட் அடிச்சுட்டு லினக்ஸோட /proc ஃபோல்டருக்குள்ள இருக்கிற டிராப் கேஷஸ் ஃபைல்ல 3னு எழுதினாத்தான் அதுவும் காலியாகும். தயவு செஞ்சு இத லைவ் சர்வர்ல பண்ணாதீங்க, எல்லாரோட சூடும் ஒரே அடில போயிரும், அந்த அஞ்சு நிமிஷம் உங்கள திட்டாத ஆள் இருக்க மாட்டான். விஎம்னா (ஒரு மெஷினுக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்) அடில இருக்கிற ஹோஸ்ட் மெஷினுக்கு தனி கேஷ், ரெய்டு கார்டுக்கு தனி கேஷ், எஸ்எஸ்டிக்குள்ளயே ஒரு சின்ன ரேம். முழு குளிர்ச்சிங்கிறது ஏறக்குறைய கெடைக்காத சாமான்.

தலைகீழாவும் ஏமாந்திருக்கேன். பின்னாடி ஒரு வேலைல எல்லாம் அமேசான் கிளவுட். ப்ரொடக்‌ஷன் ஸ்னாப்ஷாட்ட எடுத்து புது டிஸ்க்கா ரீஸ்டோர் பண்ணி அதுல ரெண்டு விதமா எழுதின ஒரே குவெரிய போட்டிக்கு விட்டோம். மொதல்ல ஏ, அப்பறம் பி. ஏ படு ஸ்லோ, பி பறக்குது. பி தான்னு முடிவு பண்ணி மெர்ஜ் பண்ணிட்டோம். ஸ்னாப்ஷாட்ல இருந்து வர்ற அந்த மாதிரி டிஸ்க்குல டேட்டா மொதல்லயே முழுசா எறங்கியிருக்காது, ஒரு பிளாக்க மொத தடவ தொடும்போதுதான் எஸ்3ன்னு அமேசானோட தூரத்து சேமிப்புக் கிடங்குல இருந்து எடுத்துட்டு வரும். அந்தக் கூலி மொத்தமும் ஏ தலைல விழுந்துருச்சு, பி அதே பிளாக்க நோகாம எடுத்துக்குச்சு. மாத்தி ஓட்டியிருந்தா ஏ ஜெயிச்சிருக்கும். அதுல இருந்து நான் எப்பவும் ஏ, பி, பி, ஏ அப்படிங்கிற வரிசைல ஓட்டுவேன், வரிசைய மாத்தினா முடிவு மாறுதுன்னா நான் அளந்தது குவெரிய இல்ல.

அப்போ குளிர வச்சு அளக்குறதுதான் நேர்மையான டெஸ்ட்டான்னா, அதுவும் இல்ல. நான் கொஞ்ச நாள் அந்தப் பைத்தியத்துல இருந்தேன், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி எல்லாத்தையும் காலி பண்ணுவேன். பகல் பூரா ஆயிரம் பேரு பார்சல் எங்க இருக்குன்னு பாக்குற குவெரிக்கு அது அர்த்தமே இல்லாத அளவு, ஏன்னா அந்த பேஜெல்லாம் எப்பவும் சூடாத்தான் இருக்கும். அக்காவோட ரிப்போர்ட்டுக்கு மட்டும் குளிர்ந்த எண்தான் உண்ம எண், அவங்க வர்ற நேரத்துல ரேம்ல அது இருக்காது. இதுல ஒரு பழைய கணக்கு உண்டு, ஜிம் கிரே, ஃப்ராங்கோ புட்சோலுனு ரெண்டு டேட்டாபேஸ் ஆராய்ச்சிக்காரங்க 1987ல எழுதினது, அஞ்சு நிமிஷ விதின்னு பேரு. அன்னிக்கு ரேம் விலையையும் டிஸ்க் விலையையும் வச்சுப் பாத்தா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவயாவது தொடுற பேஜ மெமரில வச்சுக்கிறதுதான் லாபம்னு. விலையெல்லாம் மாறிப்போச்சு, ஆனா எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ தொடுறாங்கங்கிற கேள்வி அப்படியே இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ தொடுற சாமானுக்கு சூடான எண்ண சொல்லி 17 கட்டவிரல் வாங்கினவன் நான்.

லோடு டெஸ்ட் பண்றவங்க கிட்ட இன்னொரு கூத்து பாத்திருக்கேன். ஒரே கஸ்டமர் ஐடிய வச்சு பத்தாயிரம் தடவ அடிப்பாங்க. பத்தாயிரம் தடவயும் அதே நாலு பேஜ். அது ரேம் வேல செய்யுதான்னு பாக்குற டெஸ்ட். போஸ்ட்கிரெஸோட கூட வர்ற பிஜிபெஞ்ச்னு டெஸ்ட் டூல்ல ஸ்கேல் 100 போட்டா 1 கோடி வரி வருதுன்னு பெருசா தோணும், ஒண்ணர ஜிபிதான், உங்க லேப்டாப் ரேம்லயே அடங்கிரும், நீங்க அளக்குறது டிஸ்க்கயே பாக்காத ஒரு டேட்டாபேஸ. ப்ரொடக்‌ஷன்ல டேட்டா ரேம விட அஞ்சு மடங்குன்னா டெஸ்ட்லயும் அந்த விகிதமாவது வேணும். பிஜிபெஞ்ச் சும்மா விட்டா எல்லா வரியையும் சமமா தொடும், நெசத்துல அப்படி நடக்காது, கொஞ்சம் பேரு நெறைய பாப்பாங்க, மிச்சம் தூங்கும். போஸ்ட்கிரெஸ் 11ல இருந்து ஜிப்ஃபியன் பரவல் (சில வரிய மட்டும் அடிக்கடி தொடுறது) குடுக்கலாம், அது கொஞ்சம் நெசத்துக்கு பக்கம்.

ரேம்ல அடங்குறதும் கொஞ்சம் வெளிய வழியுறதும் சின்ன வித்தியாசம்னு நெனைக்காதீங்க, ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். ரேம்ல ஒரு தொடுதல் தோராயமா 100 நானோசெகண்ட், நல்ல எஸ்எஸ்டில 100 மைக்ரோசெகண்ட், அதாவது 1000 மடங்கு. ஒரு குவெரி 1000 பேஜ் தொடுதுன்னு வைங்க. 999 ரேம்ல, 1 டிஸ்க்ல: மொத்தம் 200 மைக்ரோசெகண்ட். 990 ரேம்ல, 10 டிஸ்க்ல: 1100 மைக்ரோசெகண்ட். டேஷ்போர்ட்ல ஹிட் ரேஷியோ (நூத்துக்கு எத்தன பேஜ் ரேம்லயே கெடைச்சுதுங்கிற எண்) 99.9ல இருந்து 99 ஆயிருச்சு, பச்ச கலரு கூட மாறியிருக்காது, குவெரி அஞ்சர மடங்கு ஸ்லோ. 99 சதவீதம்னு பாத்து நிம்மதியா தூங்கின ராத்திரிகள நெனச்சா சிரிப்பு வருது.

குவெரிய எந்த வழில ஓட்டலாம்னு முடிவு பண்ற பிளானருக்கும் கண்ணு தெரியாதுங்கிறத சொல்லிரணும். எந்த பேஜ் ரேம்ல இருக்குன்னு பாத்து போஸ்ட்கிரெஸ் பிளான் போடுறதில்ல. ரேண்டம் பேஜ் காஸ்ட்டுனு ஒரு எண், டிஃபால்ட் 4. அது எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்குமெண்டேஷன்லயே இருக்கு, அங்கங்க தாவிப் படிக்கிறது வரிசையா படிக்கிறத விட 40 மடங்கு ஸ்லோ, ஆனா அதுல 90 சதவீதம் கேஷ்லயே இருக்கும்னு வச்சுக்கிட்ட ஒரு ஊகம். எஸ்எஸ்டி வச்சிருக்கவங்க பலரும் 1.1னு எறக்கிருவாங்க. எஃபெக்டிவ் கேஷ் சைஸ்னு இன்னொண்ணு, பேர பாத்து ரேம் ஒதுக்குதுன்னு நெனைப்பாங்க, ஒரு பைட் கூட ஒதுக்காது, பிளானர் காதுல சொல்ற தகவல் மட்டும்தான்.

பெரியவர் கிட்ட நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். "நேரத்த அப்பறம் பாரு, எத்தன பக்கம் புரட்டுச்சுன்னு மொதல்ல பாரு"ன்னாரு. எஸ்க்யூஎல் சர்வர்ல அத லாஜிக்கல் ரீட்ஸ்னு சொல்லுவாங்க, போஸ்ட்கிரெஸ்ல ஹிட்டையும் ரீட்டையும் கூட்டினா அதேதான். சூடோ குளிரோ, அந்தக் கூட்டுத்தொக மாறாது. என் கதைல இண்டெக்ஸுக்கு முன்னாடி 4 லட்சத்து 10 ஆயிரம் பேஜ், இண்டெக்ஸுக்கு பின்னாடியும் 4 லட்சத்து 10 ஆயிரம் பேஜ். இத மட்டும் பாத்திருந்தா அன்னிக்கு காலைலயே, ஒம்போது மணிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், ஒண்ணுமே மாறலன்னு. நேரம் வேண்டாம்னு சொல்லல, உக்காந்திருக்கிறவங்களுக்கு நேரம்தான் வலிக்கும். ஆனா பக்கத்தோட எண்ணிக்க கொறையாம நேரம் மட்டும் கொறஞ்சா இப்பல்லாம் எனக்கு சந்தோஷம் வர்றதில்ல.

தேதி ஃபங்ஷன எடுத்துட்டு, இந்த நேரத்துல இருந்து அந்த நேரத்துக்கு முன்னாடி வரைக்கும்னு கண்டிஷன மாத்தினேன். ஏற்கனவே போட்டு சும்மா கெடந்த அதே இண்டெக்ஸ் இப்போ வேலைக்கு வந்துச்சு. 2,600 பேஜ். சூடா ஓட்டினா 40 மில்லிசெகண்ட், டெஸ்ட் சர்வர்ல எல்லாத்தையும் காலி பண்ணிட்டு ஓட்டினா 250. அடுத்த ஞாயித்துக்கிழம பேக்கப் முடியட்டும்னு காத்திருந்து, திங்கக்கிழம ஒம்போது மணிக்கு அக்கா பக்கத்துல போய் நின்னேன். நானும் அதுக்கு முன்னாடி ஓட்டல, யாரும் ஓட்டக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். தட்டினாங்க, வந்துருச்சு. பழக்கதோஷத்துல டீ கிளாஸ எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க, அப்பறம் ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்தாங்க.

குரூப்ல மறுபடி போட்டேன், போன தடவ சொன்னது தப்பு, இண்டெக்ஸ் வேல செய்யல, இப்பத்தான் சரியாச்சுன்னு விவரமா. அதுக்கு ரெண்டு கட்டவிரல் வந்துச்சு. ஒண்ணு பெரியவரு, ஒண்ணு அந்த அக்கா.